ஈயமா, அழுத்தமா? - இரண்டு கம்பிகள் இணைந்த கதை

மின்கம்பி நடுவில் பழுதாவது அபூர்வம். பெரும்பாலான தொல்லைகள் ஒரு கம்பி முடிந்து இன்னொரு கம்பி தொடங்கும் இடத்தில்தான் வருகின்றன. வீட்டு சுவிட்சு போர்டு கருகினாலும் சரி, பைக்கின் ஹெட்லைட் விட்டு விட்டு எரிந்தாலும் சரி, எலக்ட்ரீசியன் முதலில் தேடுவது "லூஸ் கனெக்‌ஷன்" எங்கே என்றுதான்.

இரண்டு கம்பிகளைப் பிரியாமல் இணைக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. முதலாவது சால்டரிங். வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகத்தை உருக்கி, கம்பிகளின் மேல் ஓடவிட்டு உறைய வைப்பது. நம் ஊரில் இதை "ஈயம் வைக்கிறது" என்பார்கள். இரண்டாவது கிரிம்பிங். கம்பியின் முனையை ஒரு சிறிய உலோகக் குழலுக்குள் நுழைத்து, கருவியால் நசுக்கி இறுக்கிவிடுவது. "லக் அடிக்கிறது" என்று கடைகளில் சொல்வது இதைத்தான். ஒன்றுக்கு நெருப்பு வேண்டும், இன்னொன்றுக்கு அழுத்தம் வேண்டும்.

இரண்டில் எது நல்லது? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூறு வயது ஆகிறது. பழையது போய்ப் புதியது வந்த சாதாரணத் தொழில்நுட்பக் கதை போலத்தான் வெளியிலிருந்து பார்க்கும்போது தோன்றும். ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் ஈயத்துக்கும் அழுத்தத்துக்கும் நடந்த இந்தப் போட்டிக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருப்பது தெரியும். வேலைத்திறமை தொழிலாளியின் கையில் இருக்க வேண்டுமா, கருவிக்குள் இருக்க வேண்டுமா என்பதே அது.

தந்திக் கம்பிக் காலம்

1844-ல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி அனுப்பிக் காட்டினார். அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கான மைல்களுக்குக் கம்பி இழுக்கப்பட்டது. ஒரே கம்பியாக அவ்வளவு தூரம் இழுக்க முடியாது. ஆகவே இடையிடையே இணைப்புகள் வந்தன. இரண்டு கம்பிகளை வெறுமனே முறுக்கிவிட்டால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு மழையும் காற்றும் பட்டு உள்ளே துரு ஏறும், மின்தடை கூடும், தந்தி மங்கும்.

இதற்காக இரண்டு புகழ்பெற்ற இணைப்பு முறைகள் உருவாயின. ஒரு கம்பியை இன்னொரு கம்பியின் மேல் மாறி மாறி இறுக்கமாகச் சுற்றுவது அமெரிக்க முறை. வெஸ்டர்ன் யூனியன் என்ற தந்தி நிறுவனத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இரண்டு முனைகளையும் அருகருகே வைத்து மெல்லிய கம்பியால் வரிந்து கட்டி, அதன் மேல் ஈயம் வைப்பது பிரிட்டிஷ் முறை. அதற்குப் பிரிட்டானியா இணைப்பு என்று பெயர். அமெரிக்க முறையிலும் இணைப்பு நெடுநாள் உழைக்க வேண்டுமானால் மேலே ஈயம் ஓட்டுவார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. இழுவிசையைத் தாங்கியது முறுக்கு. காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் தடுத்து, மின்சாரத்துக்கு நிலையான பாதை கொடுத்தது ஈயம். ஈயம் மென்மையான உலோகம், அது பசை அல்ல என்பது அந்தக் காலத் தந்தித் தொழிலாளிக்கே தெரிந்திருந்தது. இன்று சால்டரிங் செய்பவர்களில் பலர் மறந்துபோவது இதைத்தான்!

இணைப்பு எவ்வளவு பெரிய தலைவலியாக முடியும் என்பதை அட்லாண்டிக் கடலடித் தந்தி வடம் காட்டியது. அந்த வடத்தை ஒரு பாதி ஒரு நிறுவனமும் மறு பாதி இன்னொரு நிறுவனமுமாகச் செய்தன. வெளிப்புறத்தில் சுற்றும் இரும்புக் கம்பிகளை ஒருவர் இடப்பக்கமாகவும் மற்றவர் வலப்பக்கமாகவும் முறுக்கிவிட்டார்கள். நேராக இணைத்தால் ஒன்று இன்னொன்றைப் பிரித்துவிடும். அதனால் அதற்கென்று மரச்சட்டம் ஒன்று செய்து சமாளிக்க வேண்டியிருந்தது. 1858 ஜூலை 29 அன்று நடுக்கடலில் அகமெம்னான், நயாகரா என்ற இரண்டு கப்பல்களுக்கு இடையே வடத்தின் இரு பாதிகளும் இணைக்கப்பட்டன. ஆகஸ்டில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தந்தியில் பேசிக்கொண்டன. வேறு காரணங்களால் சில வாரங்களிலேயே அந்த வடம் செத்துப்போனது தனிக்கதை.

வீட்டுக்குள் வந்த நெருப்பு

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மின்சாரம் வீடுகளுக்குள் நுழைந்தது. தந்திக்காரர்களின் முறையும் அப்படியே கூட வந்தது. அமெரிக்காவில் தேசிய மின்விதித் தொகுப்பு 1897-ல் முதன்முதலாக வெளியானது. இணைப்பு ஈயம் இல்லாமலேயே உறுதியாக இருக்க வேண்டும், அதன் பிறகு ஈயம் வைத்து மேலே காப்பு சுற்ற வேண்டும் என்பதே அக்கால விதி. முறுக்கு, ஈயம், டேப் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு இணைப்பு.

எழுதுவதற்கு எளிது, செய்வதுதான் கடினம். எலக்ட்ரீசியன் ஏணியில் ஏறி, மர உத்தரங்களுக்கு நடுவே, கூரைக்கு அடியில் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டும். ஒரு கையில் உருகிய ஈயம் நிறைந்த கிண்ணம் அல்லது ஊதுவிளக்கு. ஈயம் சிந்தினால் கை வெந்துபோகும், தீ பட்டால் வீடே போகும். ஒரு வீட்டில் இப்படிப் பல இணைப்புகள்!

ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவுக்குக் குடியேறிய வில்லியம் மார் என்பவர் டொரண்டோவில், எரிவாயு விளக்குகள் இருந்த வீடுகளை மின்விளக்குக்கு மாற்றும் வேலையில் இருந்தார். ஈயமும் டேப்பும் எடுத்துக்கொண்ட நேரமும் அதிலிருந்த ஆபத்தும் அவரை யோசிக்க வைத்தன. 1914-ல் அவர் ஒரு சின்ன மூடியை உருவாக்கினார். கம்பி முனைகளைச் சேர்த்து அதற்குள் இறுக்கிவிட்டால் போதும். நெருப்பே வேண்டாம். கனடாவில் இன்றும் அந்த வகை இணைப்பிகளை அவர் பெயரை வைத்தே "மாரெட்" என்கிறார்கள்.

மார் செய்தது கிரிம்பிங் அல்ல. ஆனால் ஈயம் இல்லாமலும் நம்பகமான இணைப்பு கிடைக்கும் என்று வீட்டு வயரிங் உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

கியூபாவுக்குப் போன இளைஞர்

இதே பாதையில் பெரிய மின்கம்பிகளுக்கு வழி கண்டவர் பெர்ன் டிப்னர். 1897-ல் இன்றைய உக்ரைனில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். புரூக்ளினில் மின்பொறியியல் படித்தார். 1923-ல் கியூபா நாட்டின் தனித்தனி மின்அமைப்புகளை ஒன்றாக இணைக்கும் திட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு ஊர் வெவ்வேறு அளவுக் கம்பிகள், குழாய்கள். எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். வெட்டவெளியில், உயரமான கம்பங்களின் மேல் ஈயம் உருக்கிக்கொண்டிருப்பது நடக்கிற காரியமா? ஈயம் இல்லாமல் இறுக்கிப் பிடிக்கும் இணைப்பிகளை டிப்னர் வடிவமைத்தார். அடுத்த ஆண்டே, அதாவது 1924-ல், அவற்றைச் செய்து விற்கப் பர்ண்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

டிப்னரின் கதையில் இன்னொரு சுவாரசியம் உண்டு. இணைப்பி விற்றுச் சம்பாதித்த பணத்தில் அவர் பழைய அறிவியல் நூல்களைத் தேடித் தேடி வாங்கினார். தாமே அறிவியல் வரலாற்று ஆய்வாளராகவும் ஆனார். மேலே சொன்ன அட்லாண்டிக் வடத்தைப் பற்றி 1959-ல் ஒரு நூலும் எழுதினார். தம்முடைய நூல் திரட்டில் ஒரு பெரும்பகுதியை 1974-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். அங்கே அவர் பெயரில் நூலகம் இருக்கிறது.

போர் கேட்ட வேகம்

கிரிம்பிங் சிறு கம்பிகளிலும் ஈயத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது இரண்டாம் உலகப் போரில்தான்.

அங்கிள் சாம் காலத்து விமானத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே வயர்க் கட்டுகள் கொடிபோலப் பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனைகள். ஒவ்வொரு முனைக்கும் ஓர் இணைப்பு. ஈயம் வைப்பதென்றால் முனையைச் சுத்தம் செய்ய வேண்டும், ஃபிளக்ஸ் தடவ வேண்டும், சரியான சூடு காட்ட வேண்டும், ஈயம் உறையும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். சூடு குறைந்தால் இணைப்பு வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே ஒட்டியிருக்காது. சூடு கூடினால் காப்புறை உருகும். நல்ல ஈய வேலைக்குப் பழக்கம் வேண்டும். பழக்கத்துக்குக் காலம் வேண்டும். போரில் இல்லாத ஒரே பொருள் காலம்தான்.

யு.ஏ. விட்டேக்கர் என்ற பொறியாளர் 1941 செப்டம்பரில், அதாவது பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மூன்று மாதம் முன்பு, நியூ ஜெர்சியில் ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தார். பெயர் ஏர்கிராஃப்ட் மரீன் புராடக்ட்ஸ். சுருக்கமாக ஏ.எம்.பி. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் ஈயம் தேவைப்படாத டெர்மினல்கள் செய்வதுதான் தொழில். பெயரிலேயே வாடிக்கையாளர்கள் யார் என்று தெரிந்துவிடும். பிறகு அந்த நிறுவனம் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹாரிஸ்பர்க் நகருக்கு மாறி அங்கேயே வளர்ந்தது.

விட்டேக்கரின் சரக்கு சிறியது. ஒரு தகடு, ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் குழல். அதன் மதிப்பு அதோடு வந்த கருவியில் இருந்தது. இந்த அளவு வயருக்கு இந்த டெர்மினல், இந்த டெர்மினலுக்கு இந்த டை என்று எல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு முடிவாகியிருக்கும். தொழிலாளி வயரை நுழைத்துக் கைப்பிடியை அழுத்தினால் போதும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் அழுத்தினாலும் பத்து வருட அனுபவசாலி அழுத்தினாலும் ஒரே இணைப்பு.

அன்றைய அமெரிக்கத் தொழிற்சாலைகளின் நிலையோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் அருமை புரியும். 1944-ல் மட்டும் அமெரிக்கா 96,000-க்கும் மேற்பட்ட விமானங்களைச் செய்தது. மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன் ஆலையில் உச்சக்கட்டத்தில் மணிக்கு ஒரு பி-24 குண்டுவீச்சு விமானம் வெளியே வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் அதுவரை தொழிற்சாலைக்குள் காலே வைத்திராத பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்க முடியாது.

வெள்ளீயமும் கைவிட்டது. உலகின் வெள்ளீயத்தில் பெரும் பங்கு மலாயாவிலிருந்தும் அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1942-ன் முதல் சில மாதங்களில் இரண்டும் ஜப்பான் வசமாயின. ஈயம் வைப்பதைக் குறைக்க இது இன்னொரு காரணம்.

இங்கே ஒரு கணக்கும் உண்டு. ஒரு துளி ஈயத்தின் விலையையும் ஒரு டெர்மினலின் விலையையும் ஒப்பிட்டால் ஈயம்தான் மலிவு. ஆனால் அந்தத் துளியை வைக்க ஆகும் நிமிடங்களின் கூலி, பயிற்சிச் செலவு, தவறானவற்றைப் பிரித்து மறுபடி செய்யும் செலவு, சோதிப்பவரின் சம்பளம் என்று எல்லாவற்றையும் கூட்டினால் தராசு மறுபக்கம் சாயும். கிரிம்பிங்கை வெற்றிபெறச் செய்ததில் இயற்பியலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அதே அளவு இந்தக் கூட்டல் கணக்குக்கும் உண்டு. போர் முடிந்ததும் கார், வானொலி, தொலைக்காட்சி, வாஷிங் மெஷின் என்று இதே கணக்கு எல்லா ஆலைகளிலும் நுழைந்தது. ஏ.எம்.பி. உலகின் மிகப் பெரிய கனெக்டர் நிறுவனமாக வளர்ந்தது. 1999-ல் டைக்கோ அதை வாங்கியது. 2011 முதல் அதன் வாரிசு நிறுவனத்தின் பெயர் டி.இ. கனெக்டிவிட்டி.

நசுக்கினால் எப்படி ஒட்டும்?

வெறுமனே நசுக்கியது எப்படி ஈயத்துக்கு ஈடாகும் என்ற சந்தேகம் வருவது இயல்பு.

செம்புக் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் எப்போதும் இருக்கும். டையின் அழுத்தத்தில் செம்பு இழைகள் பிசைந்த மாவைப்போல நீண்டு, இடையிலிருந்த இடைவெளிகளை அடைத்துக்கொள்கின்றன. நீளும்போது ஆக்சைடு உடைகிறது. சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தோடு நேராகச் சேர்கிறது. சரியாகச் செய்த கிரிம்ப்பைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வட்ட வட்டமாக இருந்த இழைகள் தேன்கூட்டின் அறைகளைப்போல நெருங்கி நிற்பது தெரியும். காற்றுகூட நுழைய முடியாத இணைப்பு என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

அழுத்தம் குறைந்தால் இடைவெளி மிஞ்சும், கம்பி உருவிக்கொண்டு வரும். அழுத்தம் கூடினால் இழைகள் வெட்டுப்படும். அதனால்தான் நல்ல கிரிம்பிங் கருவியில் ரேட்சட் என்ற பல்சக்கரப் பூட்டு இருக்கிறது. ஒருமுறை அழுத்தத் தொடங்கினால் முழுவதும் அழுத்தி முடிக்கும்வரை அது வாயைத் திறக்காது. தொழிலாளி பாதியில் விட்டுவிட முடியாது. கடைகளில் கிடைக்கும் சிவப்பு, நீலம், மஞ்சள் நிற லக்குகளின் நிறங்களும் அழகுக்காக அல்ல. சிவப்பு சுமார் 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரையிலான வயருக்கு. நீலம் 1.5 முதல் 2.5 வரை. மஞ்சள் 4 முதல் 6 வரை.

ஈயத்தின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. பல இழை வயரில் ஈயம் வைக்கும்போது விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது காப்புறைக்கு உள்ளேயும் கொஞ்சம் ஏறிவிடும். அந்தப் பகுதி விறைத்துவிடும். விறைத்த பகுதி முடிந்து மென்மையான வயர் தொடங்கும் எல்லையில், அதிர்வின்போது வளைவு முழுவதும் ஒரே இடத்தில் விழும். சில மாதங்களில் அங்கே இழைகள் ஒவ்வொன்றாக அறும். எப்போதும் அதிரும் விமானத்திலும் காரிலும் படகிலும் ஈயத்துக்கு மவுசு குறைந்ததற்கு இது முக்கியக் காரணம். தவிர, 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதிக மின்சாரம் ஓடிச் சூடான இணைப்பு தன் பிடியைத் தானே விட்டுவிடும்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரட்டைப் பாதுகாப்புதானே? பலர் நினைப்பது இப்படித்தான். ஆனால் ஈயம் பூசிய பல இழை வயரைக் கிரிம்ப் செய்யக் கூடாது என்று நாசாவின் தரவிதியே தடை செய்கிறது. அழுத்தத்தில் வைத்த ஈயம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று இறுக்கமாக இருக்கும் பிடி நாளாக ஆகத் தளர்ந்துவிடும். இரண்டு நல்லவை சேர்ந்து ஒரு கெட்டதாக முடியும்!

அலுமினியம் கற்பித்த பாடம்

1960-களின் நடுவில் செம்பு விலை ஏறியது. அமெரிக்காவில் 1965 முதல் 1970-களின் தொடக்கம் வரை கட்டிய ஏராளமான வீடுகளில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்டார்கள். விலை குறைவு, எடையும் குறைவு. கம்பியில் பிரச்சினை இல்லை. பிரச்சினை முழுவதும் இணைப்புகளில்தான் வந்தது.

அலுமினியத்தின் ஆக்சைடு கடினமானது, மின்சாரத்தைக் கடத்தாதது. சூடானால் அலுமினியம் அதிகம் விரியும். திருகின் கீழ் அழுத்தினால் நசுங்கி நகரும். செம்புக்கு உதவிய திருகு இணைப்புகள் அலுமினியத்தில் நாளடைவில் தளர்ந்து, சூடேறி, கருகின. அலுமினியத்தில் சாதாரண ஈயமும் எளிதில் ஒட்டாது.

1974 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸ் என்ற ஊரில் ஒரு வீடு தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். பிளக் பாயின்டில் இருந்த அலுமினிய இணைப்பின் கோளாறே காரணம் என்று தீயணைப்பு அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் நடத்திய ஆய்வில் இன்னும் பெரிய உண்மை வெளிவந்தது. 1972-க்கு முன் தயாரான அலுமினியக் கம்பி போட்ட வீடுகளில் ஏதாவது ஓர் இணைப்பாவது தீப்பற்றும் நிலையை எட்டும் வாய்ப்பு, செம்புக் கம்பி போட்ட வீடுகளை விட 55 மடங்கு அதிகம்!

சுவரை இடித்து எல்லாக் கம்பிகளையும் மாற்றுவது எல்லோராலும் முடியாது. ஆகவே ஒவ்வொரு அலுமினிய முனையிலும் ஒரு சிறிய செம்புத் துண்டைச் சேர்த்துவிடும் வழியைத் தேடினார்கள். மாரின் வழியில் வந்த திருகு மூடிகளை ஆணையம் நிரந்தரத் தீர்வாக ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டது ஏ.எம்.பி. நிறுவனத்தின் கோபாலம் என்ற கிரிம்ப் முறையை. இரண்டு உலோகங்களும் குளிர்நிலையிலேயே ஒன்றோடு ஒன்று பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது அழுத்தும். ஆனால் அதற்கென்றே செய்த விசைக்கருவி வேண்டும். நிறுவனத்திடம் பயிற்சி பெற்ற எலக்ட்ரீசியன்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

கருவிக்குள் வைத்த திறமையின் மறுபக்கம் இதுதான். சரியான கருவி இருந்தால் யார் செய்தாலும் நன்றாக வரும். அது இல்லாமல் சாதாரணப் பிளையரால் நசுக்கினால் எவ்வளவு பெரிய கைகாரர் செய்தாலும் வராது. ஈய வேலையில் கைத்திறமை கொஞ்சம் குறைந்த கருவியையும் சமாளித்துவிடும். கிரிம்பிங்கில் அதற்கு இடமில்லை.

மீண்டும் ஈயம்

இவ்வளவு பார்த்த பிறகு ஈயம் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டலாமா? கூடாது. அடுத்தடுத்து இரண்டு சம்பவங்கள் அதைச் சொல்கின்றன.

2007 டிசம்பரில் அட்லாண்டிஸ் விண்கலம் ஐரோப்பாவின் கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தைச் சுமந்து புறப்படத் தயாராக நின்றது. எரிபொருள் தீரப்போகிறது என்று எச்சரித்து என்ஜினை நிறுத்தும் உணர்கருவிகள் பொய்யான அளவு காட்டின. 6-ஆம் தேதி முயற்சி கைவிடப்பட்டது. 9-ஆம் தேதியும் அதே கதை. உணர்கருவிகளில் குறையில்லை. டிசம்பர் 18 அன்று எரிபொருளை நிரப்பிச் சோதித்தபோது, தொட்டியின் சுவரைக் கடந்து வரும் கனெக்டரில்தான் தொடர்பு விட்டுப்போகிறது என்று தெரிந்தது. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜன் பக்கத்தில் செருகுமுனைக்கும் துளைக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி விழுந்திருக்கிறது. தீர்வு என்ன தெரியுமா? முனைகளைத் துளைகளோடு சேர்த்து ஈயம் வைத்துவிட்டார்கள்! அட்லஸ் சென்டார் ராக்கெட்டுகளில் முன்பே செய்து பார்த்த வழி அது. 2008 பிப்ரவரி 7 அன்று அட்லாண்டிஸ் புறப்பட்டுப் போனது.

அதே ஆண்டில் ஈயம் வேறொரு முகத்தையும் காட்டியது. ஜெனீவாவுக்கு அருகே 27 கி.மீ. வட்டச் சுரங்கத்தில் அமைந்த பெரிய ஹாட்ரான் மோதுவி 2008 செப்டம்பர் 10 அன்று இயங்கத் தொடங்கியது. ஒன்பதே நாட்களில், செப்டம்பர் 19 அன்று, இரண்டு மின்காந்தங்களுக்கு இடையே இருந்த ஓர் இணைப்பு சுமார் 8,700 ஆம்பியர் மின்னோட்டத்தில் உடைந்தது. அங்கே வடங்களை ஈயமுறையில், அதாவது வெள்ளீயமும் வெள்ளியும் கலந்த சால்டரால், இணைத்திருந்தார்கள். நல்ல இணைப்பின் தடை ஒரு நானோ ஓமில் பாதிக்கும் குறைவு. உடைந்த இணைப்பின் தடை 200 நானோ ஓமுக்கு மேல் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். சால்டர் சரியாகப் பிடிக்காததே பெரும்பாலும் காரணம் என்பது விசாரணையின் முடிவு. அங்கே எழுந்த மின்பொறி குளிரூட்டும் ஹீலியம் கலத்தைத் துளைத்தது. சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறியது. 53 மின்காந்தங்களைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. இயந்திரம் மறுபடி ஓட 2009 நவம்பர் ஆனது.

அந்தச் சுரங்கத்தில் இதுபோன்ற இணைப்புகள் சுமார் 10,000. ஒன்றே ஒன்று போதுமானதாயிருந்தது. ஆனாலும் அவர்கள் ஈயத்தைக் கைவிடவில்லை. அவ்வளவு குறைந்த தடையை அங்கே கொடுத்தது அதுதான். 2013-ல் இயந்திரத்தை நிறுத்தி ஒவ்வொரு இணைப்பையும் திறந்து சோதித்தார்கள், தேவையானவற்றை மறுபடி செய்தார்கள், மாற்றுப் பாதையாகச் செம்புத் தகடுகளைச் சேர்த்தார்கள். மாற்றியது சோதிக்கும் முறையையும் காப்பு ஏற்பாட்டையும்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இன்று களம் ஏறக்குறையப் பிரிந்துவிட்டது. சர்க்யூட் போர்டு முழுக்க ஈயத்தின் ராஜ்ஜியம். அங்கே பாகங்கள் அசைவதில்லை, ஆயிரக்கணக்கான புள்ளிகளை இயந்திரம் ஒரே தடவையில் இணைத்துவிடும். அதாவது அங்கே ஈய வேலையும் கையிலிருந்து கருவிக்கு மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைத் தடை செய்ததால் அங்கே பயன்படும் சால்டரில் காரீயமும் இல்லை. ஈயம் இல்லாத ஈயம்! கார், விமானம், படகு, இன்வெர்ட்டர் பேட்டரி என்று அதிர்வும் அதிக மின்னோட்டமும் இருக்கும் இடங்களில் கிரிம்பிங்.

சின்ன வேலைக்கும் இதே அளவுகோல்தான். அந்த இடம் அதிருமா? சூடாகுமா? சரியான டை கையில் இருக்கிறதா? வேலை முடிந்த பிறகு அது சரிதானா என்று எப்படித் தெரியும்? கிரிம்ப் என்றால் பிடித்து இழுத்துப் பார்க்கலாம், அளவு எடுத்துப் பார்க்கலாம். ஈயம் என்றால் அது கம்பியோடு இழைந்து ஓடியிருக்கிறதா, உருண்டையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். சரியான கிரிம்பிங் கருவி இல்லாதபோது பிளையரால் நசுக்கிய லக்கை விட, முறுக்கி, ஈயம் வைத்து, அசையாதபடி கட்டிக் காப்பிட்ட இணைப்பு எவ்வளவோ மேல். 1897-ல் எழுதிய விதி இன்றும் செல்லும்: முதலில் இணைப்பு தானே நிற்க வேண்டும், ஈயம் அதற்குப் பிறகுதான்.

தந்திக் கம்பம் ஏறிய தொழிலாளி தன் கையை நம்பினார். வில்லோ ரன் ஆலையில் வேலை செய்த பெண் தன் கையில் கொடுத்த கருவியை நம்பினார். ஹாம்ப்டன் பேஸ் வீட்டுக்காரர்கள் சுவருக்குள் இருந்த, தாங்கள் பார்த்தேயிராத ஓர் இணைப்பை நம்பினார்கள். இணைப்பைச் செய்பவர் வேலை முடிந்ததும் போய்விடுவார். அதோடு வாழ வேண்டியவர்கள் வேறு யாரோ. ஈயமோ அழுத்தமோ, அவர்களை நினைத்துச் செய்தால் எந்த முறையும் நல்ல முறைதான்.